அளந்து தந்த உறக்கம்

நோயாளியின் கைகால்களைப் பலர் இறுகப் பற்றிக்கொள்ள, அவர் அலற அலற அறுவை செய்வதே 19ஆம் நூற்றாண்டின் முற்பாதிவரை மருத்துவமனைகளின் வழக்கமாக இருந்தது. விரைவாக அறுப்பவரே சிறந்த மருத்துவர் எனப்பட்டார். 1846 அக்டோபர் 16 அன்று, பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியை நுகரச் செய்து, வலியறியாத அறுவைக்கு வழி திறந்தார். ஆண்டு முடியுமுன் அச்செய்தி இலண்டனை எட்டியது.

அங்கே அதனைக் கூர்ந்து நோக்கியவர் ஜான் ஸ்நோ. 1813இல் யார்க் நகரில், கூலித் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தவர். 14 வயதிலேயே மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தவர். காலரா தண்ணீரால் பரவுகிறது என்று காட்டி, 1854இல் பிராட் தெருவின் அடிகுழாய்க் கைப்பிடியைக் கழற்றச் செய்த கதை உலகறிந்தது. அவருடைய அன்றாடத் தொழிலோ நோயாளிகளை உறங்கவைப்பது.

ஈதர் சிலரை உறங்கவைத்தது, சிலரைப் பிதற்றவைத்தது. மருந்து ஒன்றாயிருக்க விளைவு ஏன் வேறாகிறது? அறை வெப்பமானால் காற்றில் ஆவி மிகும், குளிர்ந்தால் குறையும். இதனைக் கணக்கிட்டு அட்டவணையாக்கிய ஸ்நோ, வெப்பம் மாறாதிருக்க நீர்த்தொட்டியில் அமர்த்திய நுகர்கருவி ஒன்றை வடிவமைத்தார். மயக்கத்தின் ஐந்து படிநிலைகளையும் வகுத்துரைத்தார்.

1847 நவம்பரில் எடின்பரோவின் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். கருவி எதற்கு, கைக்குட்டையில் சிறிது ஊற்றினால் போதும் என்று பலரும் மகிழ்ந்தனர். மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. 1848 சனவரி 28 அன்று, நியூகாசில் அருகே கால்விரல் நகத்தை நீக்குவதற்காக அம்மருந்தை நுகர்ந்த ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, சில நிமிடங்களில் உயிரிழந்தாள். நகத்துக்காக ஓர் உயிர்! மருந்தையே விலக்க வேண்டுமா என்ற ஐயம் எழுந்தது. கைக்குட்டை அளவறியாது என்பதே ஸ்நோ கண்ட விடை. நுகரும் காற்றில் 100 பங்குக்கு ஏறத்தாழ 5 பங்குக்கு மேல் ஆவி செல்லலாகாது என வலியுறுத்தினார்.

1853 ஏப்ரலில் விக்டோரியா அரசியாரின் மகப்பேற்றுக்கு அழைக்கப்பட்டபோது, அவரும் கைக்குட்டையையே எடுத்தார் என்பது வியப்புக்குரியது. ஆனால் ஒவ்வொரு முறையும் அளந்தே ஊற்றினார். 53 நிமிடங்கள் நீடித்த அப்பணியில், அரசியார் நினைவிழக்காமலே வலி தணிந்தார். மகப்பேற்று வலியைத் தணிப்பது முறையன்று என்ற குரல்கள் அதன்பின் தணியலாயின.

அமிலீன் என்ற புதிய மருந்தையும் அவர் ஆய்ந்தார். 1857இல் அதனால் தம் நோயாளிகள் இருவர் இறந்ததும், நிகழ்ந்ததை மறையாது எழுதிவிட்டு அதனைக் கைவிட்டார். குளோரோஃபார்மினால் நேர்ந்ததாகக் கூறப்பட்ட 50 மரணங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து நூலொன்று எழுதிவந்தார். அது முடிவுறும் தறுவாயில், 1858 சூன் 10 அன்று பக்கவாதம் தாக்கியது. ஆறாம் நாள் மறைந்தார். வயது 45. நண்பர் ரிச்சர்ட்சன் அந்நூலை அவ்வாண்டிலேயே பதிப்பித்தார்.