இலண்டனில் ஒரு மாணவர்

1888ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதி. பம்பாயிலிருந்து வந்த கப்பலிலிருந்து ஓர் இளைஞர் இங்கிலாந்துக் கரையில் இறங்கினார். சுற்றும் முற்றும் பார்த்த அவருக்கு வெட்கமாகிவிட்டது. அந்தக் குளிர்காற்றில் வெள்ளை உடை அணிந்திருந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. வேறு உடைகள் இருந்த பெட்டிகளும் உடனே கைக்குக் கிடைக்கவில்லை. அன்று இப்படிக் கூச்சத்துடன் நின்றவர்தான் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பின்னாளில் உலகம் அவரை மகாத்மா என்று அழைத்தது.

காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தை மறைந்த பிறகு, தம்பியைச் சட்டம் படிக்க இலண்டனுக்கு அனுப்பத் தமையனார் பணம் திரட்டினார். தாயார் புத்லிபாய்க்கோ மகனை அனுப்ப அச்சமாக இருந்தது. மது அருந்துவதில்லை, புலால் உண்பதில்லை, ஒழுக்கம் தவறுவதில்லை என்று காந்தி உறுதி அளித்த பின்னரே அவர் இசைந்தார். கடல் கடந்து செல்வதை எதிர்த்த சாதிப் பெரியவர்கள் காந்தியைச் சாதியிலிருந்து விலக்கினர். அதையும் பொருட்படுத்தாமல், மனைவி கஸ்தூரிபாயையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு அவர் கப்பலேறினார்.

இலண்டனில் அவரை முதலில் வாட்டியது பசி. அவர் தங்கியிருந்த வீட்டில் உப்பும் உறைப்பும் இல்லாத வேகவைத்த காய்கறிகளையே கொடுத்தார்கள். ரொட்டி இரண்டு மூன்று துண்டுகள்தாம் கிடைக்கும். மேலும் கேட்கக் கூச்சம் தடுத்தது. இரவில் தாயின் நினைவு வந்து கண்ணீர் பெருகும். புலால் உண்ணும்படி நண்பர்கள் வற்புறுத்தியபோதும் அவர் கொடுத்த வாக்கை மீறவில்லை. சைவ உணவகம் ஒன்றைத் தேடி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் அத்தகைய உணவகம் ஒன்று கண்ணில் பட்டது. அதன் கண்ணாடிச் சன்னலில் ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய நூல் விற்பனைக்கு இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்துக்கு வந்த பின் அன்றுதான் அவர் வயிறார உண்டார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகவே புலாலைத் தவிர்த்து வந்தவர், அந்நூலைப் படித்த பின் தாமே விரும்பிச் சைவ உணவை ஏற்றார்.

ஆயினும், நகர வாழ்க்கையின் மயக்கம் அவரை விட்டுவைக்கவில்லை. நாடகம் பார்க்க அழைத்துச் சென்ற நண்பர் ஒருவர், அதற்கு முன் அவரைப் பெரிய உணவகம் ஒன்றில் விருந்துண்ண வைத்தார். முதலில் வந்த சூப்பில் புலால் உண்டா என்று விசாரிக்கக் காந்தி பணியாளரை அழைத்தார். இது நாகரிகமற்ற செயல் என்று நண்பர் சினந்து, அவரை வெளியே போகச் சொன்னார். காந்தி அமைதியாக எழுந்து சென்றார். அருகிலிருந்த சைவ உணவகம் மூடிக் கிடந்ததால், பட்டினியோடு நண்பருடன் நாடகம் பார்த்தார்.

நண்பரின் மனக்குறையைப் போக்க, ஆங்கிலேயக் கனவானாக மாறிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 19 ஷில்லிங்குக்கு உயரமான தொப்பி ஒன்றை வாங்கினார். பத்துப் பவுன் செலவழித்து மாலை விருந்து உடை தைத்துக்கொண்டார். தமையனாரிடம் சொல்லிக் கடிகாரத்துக்கான இரட்டைத் தங்கச் சங்கிலியை வரவழைத்தார். கழுத்துப்பட்டையைக் கட்டவும் தலைவாரவும் கண்ணாடியின் முன் தினமும் பத்து நிமிடம் நின்றார். நடனம் கற்கச் சென்றார். பியானோ இசைக்கேற்பக் கால்கள் அசைய மறுத்தன. இசையறிவு வேண்டும் என்று மூன்று பவுனுக்கு வயலின் வாங்கினார். பிரெஞ்சு மொழியும் மேடைப்பேச்சும் கற்கத் தொடங்கினார்.

ஏறத்தாழ மூன்று மாதங்களில் மயக்கம் தெளிந்தது. தாம் இங்கிலாந்திலேயே வாழப் போவதில்லை. மாணவராகப் படிக்கவே வந்திருக்கிறோம் என்று அவர் தம்மையே கேட்டு உணர்ந்தார். ஆசிரியர்களிடம் சொல்லி வகுப்புகளை நிறுத்தினார். வயலினைக் கிடைத்த விலைக்கு விற்றுத் தரும்படி அதன் ஆசிரியரிடமே கேட்டுக்கொண்டார்.

அதன்பின் அவரது அன்றாட வாழ்க்கை முற்றிலும் மாறியது. தமையனார் அரும்பாடுபட்டு அனுப்பும் பணம் என்ற எண்ணம் அவரை உறுத்தியது. வாரம் எட்டு ஷில்லிங் வாடகையில் ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்தார். காலையில் அடுப்பு மூட்டி ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே தயாரித்தார். வண்டிக் கட்டணத்தை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். கடிதத்துக்கு ஒட்டிய தபால்தலை முதல் செய்தித்தாளுக்குக் கொடுத்த காசு வரை எழுதி, உறங்கும் முன் கணக்கைச் சரிபார்த்தார். பிற்காலத்தில் பொதுப்பணத்தைக் கையாண்டபோதும் இந்தப் பழக்கமே அவருக்குத் துணைநின்றது.

அவர் பயின்ற இன்னர் டெம்பிள் சட்டக் கழகத்தில் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஆறு விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டும். நான்கு மாணவர்களுக்கு இரண்டு புட்டி மது வழங்கப்படும். காந்தி குடிக்கமாட்டார் என்பதால், அவரைத் தங்கள் நால்வரில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் போட்டியிட்டனர்! சட்டத்தோடு இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கும் அவர் படித்தார். முதல்முறை லத்தீனில் தோற்றார். மனம் தளராமல் மீண்டும் படித்து 1890இல் வென்றார்.

ஓய்வு நேரத்தில் அவரது ஆர்வங்கள் பெருகின. இந்தியாவில் செய்தித்தாள் படித்தறியாதவர், இப்போது தினமும் பல நாளிதழ்களைப் புரட்டினார். நண்பர்கள் இருவர், பகவத் கீதையைத் தங்களுடன் சேர்ந்து படிக்க அழைத்தனர். தம் நாட்டு நூலைத் தாய்மொழியில்கூடப் படிக்கவில்லையே என்று காந்தி நாணினார். அவர்களோடு சேர்ந்து படிக்கத் தொடங்கினார். சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார். கூட்டங்களில் எழுந்து பேச நா எழாது. ஆனால், எழுத்து கைகொடுத்தது. இந்தியரின் உணவையும் திருவிழாக்களையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1891இல் அச்சங்கத்தினரின் வார இதழில் வெளிவந்தன.

இதற்கிடையில், முட்டை புலால் ஆகாது என்று சிலர் கூறியதைக் கேட்டுச் சிறிது காலம் முட்டை உண்டார். பிறகு, தம் தாயார் எதைப் புலால் என்று கருதுவாரோ அதையே தாமும் அப்படிக் கருத வேண்டும் என்று தெளிந்து அதையும் விட்டார்.

1891ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் காந்தி வழக்கறிஞரானார். இரண்டே நாளில் தாயகத்துக்குக் கப்பலேறினார். தாயாரைக் காணும் ஆவல் மனமெங்கும் நிறைந்திருந்தது. ஆனால், பம்பாய்க்கு வந்த பிறகுதான், தாம் இலண்டனில் இருந்தபோதே தாயார் மறைந்துவிட்டார் என்பதை அவர் அறிந்தார். அயல்நாட்டில் தனித்திருக்கும் தம்பி துயரப்படக்கூடாது என்று தமையனார் அச்செய்தியை மறைத்து வைத்திருந்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று மகன் சொல்ல, கேட்டு மகிழத் தாய் இல்லை. காந்தி பொங்கிவந்த கண்ணீரை அடக்கிக்கொண்டார். தாய்க்களித்த வாக்கை மட்டும் அவர் இறுதிவரை கைவிடவில்லை.