விட்டோ வோல்ட்டெரா
விட்டோ வோல்ட்டெரா (மே 3, 1860 – அக்டோபர் 11, 1940) இத்தாலியின் அங்கோனா நகரில் பிறந்த கணிதவியலாளர் ஆவார். தொகையீட்டுச் சமன்பாடுகள் குறித்த ஆய்வுகளால் புகழ்பெற்றவர். எனினும் சூழலியலாளர் அவரை அறிவது மீன்களால் எனலாம்.

முதலாம் உலகப்போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்புக் குறைந்திருந்தது. அக்காலத்தில் பிடிபட்டவற்றுள் சுறா போன்ற ஊனுண்ணிகளின் விகிதம் கூடியிருந்ததை அவருடைய மருமகனும் விலங்கியலாளருமான உம்பெர்த்தோ தங்கோனா கண்டறிந்தார். இதன் காரணத்தை வோல்ட்டெரா 1926ல் இரண்டு வகையீட்டுச் சமன்பாடுகளால் விளக்கினார். இரை பெருகினால் கொன்றுண்ணி பெருகும். கொன்றுண்ணி பெருகினால் இரை குறையும். இரண்டையும் அளவோடு பிடித்துவந்தால் சராசரியில் இரை கூடிக் கொன்றுண்ணி குறையும். பிடிப்புக் குறைந்தால் நிலை நேர்மாறாகும். ஆல்பிரட் லோட்கா இச்சமன்பாடுகளைத் தனியாக முன்னரே அடைந்திருந்ததால், அவை இருவர் பெயராலும் வழங்கப்படுகின்றன.

பாசிச அரசுக்கு உறுதிமொழி அளிக்க மறுத்த மிகச்சில பேராசிரியர்களுள் ஒருவரான வோல்ட்டெரா, 1931ல் உரோமைப் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார்.