விமான மேதை மிட்சல்

இங்கிலாந்தில் விமானக் காட்சி நடைபெறும் நாள்களில், ஒரு பழைய போர் விமானத்தைக் காண இன்றும் மக்கள் திரளாகக் கூடுகின்றனர். அதன் எஞ்சின் ஒலி கேட்டவுடன் பாட்டனும் பேரனும் ஒருசேர அண்ணாந்து பார்க்கின்றனர். அவ்விமானத்தின் பெயர் ஸ்பிட்பயர். அதனைப் படைத்த ரெஜினால்ட் ஜோசப் மிட்சல் என்பாரின் வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

மிட்சல் 1895ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். இளமையிலேயே மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிடுவதில் மிட்சலுக்குப் பேராவல் இருந்தது. 16ஆம் வயதில் நீராவி இரயில் எஞ்சின்கள் செய்யும் தொழிற்சாலையில் தொழில் பழகச் சேர்ந்தார். பகலெல்லாம் எண்ணெயும் கரியும் படிந்த உடையுடன் உழைப்பார்; இரவுப் பள்ளியில் கணிதமும் பொறியியலும் கற்பார்.

1917ஆம் ஆண்டில் சௌத்தாம்டன் நகரிலிருந்த சூப்பர்மரின் நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தார். அந்நிறுவனம் கடலில் இறங்கும் விமானங்களைச் செய்துவந்தது. 25 வயது நிறைவதற்குள் மிட்சல் அதன் தலைமை வடிவமைப்பாளரானார்.

அக்காலத்தில் ஷ்னைடர் கோப்பைக்காகக் கடல் விமானப் பந்தயம் நடைபெற்றுவந்தது. 1925இல் அப்பந்தயத்திற்காக அவர் அமைத்த விமானம் அமெரிக்காவில் பால்டிமோர் நகரருகே நீரில் வீழ்ந்து நொறுங்கியது. விமானி உயிர் தப்பினார். மிட்சல் துவளவில்லை. 1927, 1929, 1931 ஆகிய ஆண்டுகளில் அவருடைய விமானங்களே தொடர்ந்து வென்றன. கோப்பையும் பிரிட்டனுக்கே நிலையாக உரியதாயிற்று. 1931இல் அவருடைய விமானம் மணிக்கு 400 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் பறந்து உலகச் சாதனை புரிந்தது.

1933ஆம் ஆண்டில் மிட்சலைப் புற்றுநோய் பற்றியது. கடுமையான அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். நோய் மீண்டும் வரக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஓய்வெடுத்திருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ மறு ஆண்டே விமானம் ஓட்டக் கற்று உரிமமும் பெற்றார்!

1934இல் பறந்த அவருடைய முதல் போர் விமானம் தோல்வியே கண்டது. அதன் இறக்கைகள் தடித்திருந்தன, சக்கரங்கள் மடங்கவில்லை, எதிர்பார்த்த வேகமும் கிட்டவில்லை. மிட்சல் அதனை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அவரும் அவருடைய குழுவினரும் நீள்வட்ட வடிவில் மெல்லிய இறக்கைகளை அமைத்தனர். இறக்கை மெல்லியதாயின் காற்றின் தடை குறையும். ஆயினும் எட்டுத் துப்பாக்கிகளும் மடங்கும் சக்கரங்களும் அதனுள்ளேயே அடங்க வேண்டுமே! உடலோடு சேருமிடத்தில் அகன்றும் நுனியில் குறுகியும் இருக்கும் அவ்வடிவம் அதற்கும் இடம் தந்தது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எஞ்சினை முன்புறம் பொருத்தினர்.

1936ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் ஈஸ்ட்லீ விமானத்தளத்திலிருந்து அவ்விமானம் முதன்முறையாக எழுந்தது. ஏறத்தாழ எட்டு நிமிடங்களே பறந்தது. மிட்சல் தரையில் நின்று பார்த்திருந்தார். அதன்பின் நடந்த சோதனைகளின்போதும் தளத்தருகே காரை நிறுத்திக்கொண்டு கவனித்துவந்தார். அரசாங்கம் 310 விமானங்கள் செய்யுமாறு ஆணையிட்டது.

பின்னர் நோய் திரும்பியது. சிகிச்சைக்காக வியன்னா சென்றும் பயனில்லை. 1937ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், 42ஆம் வயதில், மிட்சல் காலமானார். அப்போது அவருடைய ஒரே மகனுக்கு வயது 16. ஒரு ஸ்பிட்பயர்கூட அதுவரை படைப்பிரிவில் சேர்ந்திருக்கவில்லை.

1940இல் ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டனைத் தாக்கியபோது ஸ்பிட்பயர்கள் எதிர்த்து நின்றன. ஹரிக்கேன் விமானங்களே அன்று எண்ணிக்கையில் மிகுதி. ஸ்பிட்பயர் தனித்து வென்றது எனக் கூறுவது முறையன்று என்பது நம் கருத்து. மிட்சலின் துணைவராயிருந்த ஜோசப் ஸ்மித் அவ்விமானத்தை மேன்மேலும் திருத்தியமைத்தார். 1948 வரை 20,000க்கும் அதிகமான ஸ்பிட்பயர்கள் செய்யப்பட்டன.

நம் வட்டாரத்திற்கும் அதனோடு தொடர்புண்டு. பிரிட்டிஷ் விமானப் படையில் ஸ்பிட்பயர் ஆற்றிய கடைசிப் போர்ப்பணி, 1954ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரின் சிலேத்தார் தளத்திலிருந்து சென்ற படப்பிடிப்புப் பயணமேயாகும்.

போருக்குப் பின் பெரும்பாலானவை பழைய இரும்புக் கடைகளுக்குச் சென்றன. எஞ்சியவற்றை ஆர்வலர்கள் தேடிப் புதுப்பித்து வருகின்றனர். அவற்றுள் ஒன்றின் கதை வியப்புக்குரியது. 1940 மே மாதம் பிரான்சின் கலே கடற்கரையில் ஒரு ஸ்பிட்பயர் இறங்கியது. அலைகள் அதனை மணலுள் புதைத்துவிட்டன. 40 ஆண்டுகள் கழித்து, 1980இல், மணல் விலகியபோது அதன் உருவம் வெளிப்பட்டது. துருவேறிய பகுதிகளே மிஞ்சியிருந்தன. கைவினைஞர்கள் தகடு தகடாக, ஆணி ஆணியாக அதனைத் திரும்ப உருவாக்கினர். 2011ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்ட் தளத்திலிருந்து, அதே நீள்வட்ட இறக்கைகளை விரித்து அது மீண்டும் வானில் ஏறியது.