படைத்தலைவர் நத்தானியேல் கிரீன்

போர்க்களத்தில் வாளேந்தினாரைச் சரித்திரம் எளிதில் மறப்பதில்லை. அவர்களுக்கு உணவும் உடையும் தேடித் தந்து, அதன் கணக்கினால் அல்லலுற்றாரை நினைப்பவர் சிலரே. அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு வலக்கரமாய் விளங்கிய நத்தானியேல் கிரீன் இவ்விரு திறத்தாரிலும் சேர்ந்தவர்.

இவர் 1742-ம் ஆண்டு ரோட் ஐலண்டு மாகாணத்தில், இரும்பு உலைக்களம் ஒன்றின் உரிமையாளர் மகனாய்ப் பிறந்தார். குடும்பத்தார் போரை வெறுக்கும் குவேக்கர் சபையினர். பள்ளிப்படிப்பு சொற்பமே, நூல்களைத் தாமே தேடிப் பயின்றார். நடையிலும் சிறிது ஊனமுண்டு. ஆயினும் 1775-ல் போர் மூண்டபோது தம் மாகாணப் படைக்குத் தலைவரானார்.

1777-78 குளிர்காலத்தில் வாலி போர்ஜ் பாசறையிலே சேனை பசியாலும் குளிராலும் வருந்திற்று. வாஷிங்டன் வேண்ட, 1778 மார்ச்சு மாதம் கிரீன் தளவாடத் தலைமை அதிகாரியின் பொறுப்பை மனமின்றி ஏற்றார். வண்டி, குதிரை, தீவனம், கூடாரம் யாவும் அவர் சேகரிக்க வேண்டியவை. செலவிடும் தொகையில் நூற்றுக்கு ஒன்று கழிவாக, அவரும் உதவியாளர் இருவரும் பங்கிட்டுக்கொள்வது ஏற்பாடு. காகிதப் பணத்தின் மதிப்பு வீழ வீழ விலை ஏறிற்று. செலவு ஏறக் கழிவும் எண்ணளவில் ஏறிற்று. செலவு மிகுந்தால் அதிகாரிக்கு ஆதாயம் எனின், ஊரார்க்கு ஐயம் பிறவாதிருக்குமோ? போதாததற்கு, 1779-ல் உணவுக் கொள்முதல் அதிகாரியான ஜெரமையா வாட்ஸ்வொர்த்தோடு ஒரு வியாபாரத்தில் மறைவாகக் கூட்டுச் சேர்ந்தார். அதனை மறைத்தது பிழையே. காங்கிரஸ் மகாசபை அவ்விலாகாவைத் திருத்தியமைத்தபோது, மனம் புண்பட்டு 1780-ல் பதவியைத் துறந்தார்.

அவ்வாண்டிறுதியில் தென்மாகாணப் படையின் தலைமை அவரிடம் வந்தது. கந்தையுடுத்த அச்சேனையைக் கொண்டு, களங்களைப் பகைவர்க்கு விட்டபோதிலும், அவர்தம் வலிமையைத் தேய்த்துக் கடற்கரைக்குத் தள்ளினார். 1782 டிசம்பரில் ஆங்கிலேயர் சார்லஸ்டன் நகரை விட்டு நீங்கினர்.

வெற்றி வந்தும் வீரர்க்கு உணவில்லை. ஜான் பாங்க்ஸ் என்னும் வர்த்தகன் ஒருவனே குத்தகைக்கு முன்வந்தான். அவனை நம்பிச் சரக்குத் தர மற்ற வியாபாரிகள் மறுக்கவே, கிரீன் தம் பெயரால் பிணைக் கையெழுத்திட்டார். படை பசியாறிற்று, பாங்க்ஸோ பணத்தை வேறு வியாபாரங்களில் திருப்பினான். கிரீனின் கீழிருந்த அதிகாரிகள் சிலர் அவனுக்குக் கூட்டாளிகள் என்பதும் வெளியாயிற்று. தலைவரும் பங்காளியே என்ற அபவாதம் எழுந்தது. தமக்குப் பங்கில்லையென்று பாங்க்ஸிடமே சத்தியப் பிரமாண வாக்குமூலம் வாங்கினார். 1784-ல் கடன்காரர் நெருக்க, அவனைத் தேடி வர்ஜீனியாவுக்குச் சென்றார். அங்கே அவன் இறந்துபோனான் என்ற செய்தியே அவரை எதிர்கொண்டது.

ஜார்ஜியா மாகாணம் பரிசாக அளித்த மல்பெரி குரோவ் தோட்டத்தில் 1785-ல் குடியேறினார். விடுதலைக்குப் போராடியவர், அடிமைகளின் உழைப்பைக் கொண்டு தம் கடனைத் தீர்க்க எண்ணியது அவர் வாழ்வில் அழியாத மறுவாகும். கடன் தீருமுன்னரே, 1786 ஜூன் 19-ல், நாற்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

விதவையான காதரின் அம்மையார் சிறு மக்களோடு அச்சுமையைத் தாங்கினார். அவர் தளராது காங்கிரசுக்கு விண்ணப்பித்தார். பொக்கிஷ மந்திரி அலெக்சாந்தர் ஹாமில்டன் பழைய பத்திரங்களை ஆராய்ந்து, படையின் பொருட்டே கிரீன் பிணை நின்றார் என்று அறிக்கை செய்தார். 1792-ல் 47,000 டாலர் வரை ஈடுசெய்யச் சட்டம் இயற்றப்பட்டது.

மனத்தூய்மை ஒருவனுடைய நெஞ்சே அறிவது. கணக்கின் தூய்மையையோ உலகம் காணும். பொதுப்பணத்தைக் கையாள்பவர்க்கு இரண்டும் வேண்டும். முன்னது இருந்தும் பின்னதில் மறைவுக்கு இடங்கொடுத்தமையால், கிரீனைப் பற்றிய ஐயம் அவர் ஆயுளிலும் நீண்டது. அவர் பெயரைக் காத்தவை வாளும் வெற்றியுமல்ல. காலத்தில் எழுதிவைத்த சில காகிதங்களும், அவற்றை விடாது முன்வைத்த மனைவியின் உறுதியுமே.