போலீசார் பிடித்த கணித மேதை

1918-ம் ஆண்டின் தொடக்கம். லண்டன் நகரில் கடும் குளிர். முதல் உலகப்போர் இன்னும் ஓயவில்லை.

பூமிக்கு அடியில் ஓடும் ரெயிலின் நிலையம் ஒன்றில், முப்பது வயது இந்தியர் ஒருவர் தண்டவாளத்தில் விழுந்தார். அங்கிருந்த காவலாளி அதைப் பார்த்துவிட்டார். உடனே மின்சாரத்தை நிறுத்தினார். வந்துகொண்டிருந்த ரெயில் சில அடி தூரத்தில் நின்றது. காலில் காயத்தோடு அந்த மனிதர் உயிர் பிழைத்தார்.

போலீசார் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி ஒரு குற்றம்.

பிடிபட்டவர் வேறு யாரும் அல்ல. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன்தான்!

கணக்கே கதி

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி, ஈரோட்டில் பாட்டி வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார். சாதாரணக் குடும்பம்.

டவுன் ஐஸ்கூலில் படித்து, 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். ஆனால் கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லவில்லை. பரீட்சையில் தோற்றார். உபகாரச் சம்பளம் நின்றது.

1905-ல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பெற்றோர் பதறினார்கள். பையனைக் காணவில்லை என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. மனம் நொந்தால் வாய் திறக்காமல் விலகிப் போகும் சுபாவம் அப்போதே அவரிடம் இருந்தது போலும்.

1909-ல் ஜானகியுடன் திருமணம். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. மறு ஆண்டு ஜனவரியில், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். ஹார்டி அசந்துபோனார். 1914 மார்ச் 17-ந் தேதி ராமானுஜன் கப்பல் ஏறினார்.

உடம்பும் மனமும்

சைவச் சாப்பாடு. தாமே சமைத்துக்கொள்ள வேண்டும். போர் வந்ததும் வேண்டிய பண்டங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. 1917-ல் நோயில் விழுந்தார். காசநோய் என்று டாக்டர்கள் கருதினார்கள். (கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994-ல் ஒரு டாக்டர் ஆராய்ந்து எழுதினார்.)

மெண்டிப் மலை, மாட்லாக் என்று ஒவ்வோர் ஆரோக்கிய விடுதியாக மாற்றினார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்ந்த காற்றை வாங்குவதுதான் அன்றைக்கு வைத்தியம். காவிரிக்கரை வெயிலில் வளர்ந்த உடம்பு அதை எப்படித் தாங்கும்?

வீட்டிலிருந்து வந்த செய்தியிலும் ஆறுதல் இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. போதாக்குறைக்கு, டிரினிட்டி கல்லூரி 1917-ல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க மறுத்துவிட்டது. இந்த நிலையில்தான் அந்த விபரீதம் நடந்தது.

சிறையா? விடுதியா?

இப்படிப் பிடிபட்டவர் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தப்படலாம். சிறைக்கும் போகலாம். இன்னொரு வழியும் இருந்தது. அதுதான் மனநோய் விடுதி.

இங்கிலாந்தில் 1890-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரை அவர் விருப்பம் இல்லாமல் விடுதியில் வைக்க முறையான மனு வேண்டும். இரண்டு டாக்டர்களின் சான்று வேண்டும். நீதிபதியின் உத்தரவும் வேண்டும். சொத்துத் தகராறில் நல்ல மனம் உள்ளவரைக்கூடப் பைத்தியம் என்று சொல்லி அடைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் இத்தனை காவலுக்குக் காரணம். இந்தியாவில் 1912-ல் வந்த சட்டமும் அதே அச்சில் வார்த்ததுதான். இங்கே, வீதியில் திரியும் ஒருவரைப் பைத்தியம் என்று கருதினால் போலீசார் பிடித்து மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக அந்தச் சட்டம் இடம் தந்தது.

ராமானுஜன் விஷயத்தில் இரண்டும் நடக்கவில்லை. ஹார்டி விரைந்து வந்தார். இவர் ராயல் சொசைட்டி உறுப்பினர், இவரைக் கைது செய்ய முடியாது என்று அடித்துச் சொன்னார். இரண்டுமே உண்மை அல்ல! ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது அதற்குப் பிறகு, 1918 மே 2-ந் தேதி. உறுப்பினரைக் கைது செய்யக்கூடாது என்று சட்டமும் கிடையாது. போலீசார் விசாரித்து உண்மையைத் தெரிந்துகொண்டார்கள். ஆனாலும் ஒரு மேதையின் வாழ்வைக் கெடுக்க விரும்பாமல் விட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் விஞ்ஞானி சந்திரசேகர் சொல்லித்தான் இது வெளியே தெரிந்தது. ஹார்டி இல்லாத ஓர் ஏழைத் தொழிலாளியின் கதி என்ன ஆகியிருக்கும்?

இரண்டு சான்றுகள்

1918 அக்டோபரில் டிரினிட்டி கல்லூரித் தேர்வு மறுபடியும் வந்தது. தற்கொலை முயற்சி பற்றிய பேச்சு சிலர் காதுக்கு எட்டியிருந்தது. அவருடைய மனநிலை குறித்து இரண்டு டாக்டர்கள் தந்த சான்றுகள் தேர்வாளர் முன் வந்தன. ஒரு மனிதரை விடுதிக்குள் தள்ளச் சட்டம் கேட்டதும் இரண்டு டாக்டர் சான்றுதான். இங்கே அதே எண்ணிக்கைச் சான்று கல்லூரிக் கதவைத் திறக்கத் தேவைப்பட்டது. ராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை.

சட்டம் மாறியது

இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி 1961-ல் குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது. நம் நாட்டில் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு ஓராண்டு வரை சிறை என்றது. 2018 மே 29-ந் தேதி அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தரவேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309-வது பிரிவு அப்படியே இடம்பெறவில்லை.

விருப்பம் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கும் இப்போது கட்டுப்பாடு அதிகம். நோய் கடுமையாக இருக்கவேண்டும். தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ள முயலவோ மிரட்டவோ வேண்டும், அல்லது பிறரைத் தாக்கவோ அச்சுறுத்தவோ வேண்டும், அல்லது தம்மைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கவேண்டும். மனநல டாக்டர் ஒருவரும் இன்னொரு மருத்துவ நிபுணரும் தனித்தனியே பரிசோதிக்கவேண்டும். முதலில் 30 நாள் வரைதான். நோயாளி மறு ஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். ஊரோடு ஒத்துப்போகாதவர் என்பதற்காக யாரையும் மனநோயாளி என்று முடிவு கட்டக்கூடாது. பரீட்சையை மறந்து கணக்கே கதி என்று கிடப்பதும் இதில் அடங்கும்!

கடைசிக் கணக்குகள்

ராமானுஜன் 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் சில மாதம் தங்கினார். பிறகு சென்னை சேத்துப்பட்டில் ஒரு வீடு. உடம்பு எலும்பும் தோலுமாக ஆகியிருந்தது. ஆனாலும் கணக்கை விடவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றை எழுதி அனுப்பினார். அவர் எழுதக் காகிதம் எடுத்துக் கொடுத்தவர், எழுதியதைச் சேர்த்து வைத்தவர், ஜானகி.

1920 ஏப்ரல் 26-ந் தேதி ராமானுஜன் காலமானார். வயது 32.

கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் கடல் கடந்து இங்கிலாந்து போயின. 1976-ல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவை மீண்டும் அகப்பட்டன. அவற்றில் 600-க்கு மேற்பட்ட சூத்திரங்கள் இருந்தன. அப்போது ஜானகி அம்மாள் சென்னை திருவல்லிக்கேணியில் வசித்துவந்தார்.