அருவியில் ஒளி கண்டவர்

மாலையில் வீட்டு விளக்கைப் போடும்போது அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று எண்ணியதுண்டா? மஸ்கெலியாவில் வாழும் உங்களுக்கு விடை அருகிலேயே இருக்கிறது.

1874ஆம் ஆண்டு காலியில் பிறந்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. பொதுவேலைத் திணைக்களப் பொறியியலாளரான இவர், மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் மலைகளினின்று வீணே பாய்வதைக் கண்டார்.

விழும் நீருக்கு வலிமை உண்டு. வினாடிக்கு 1 லீற்றர் நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்புகளை நீக்கிப் பார்க்க, ஏறக்குறைய 1,000 வாட் வலு கிடைக்கும். உங்கள் மின் அயனுக்கு அது போதும். நீர் குறைந்தாலும் உயரம் ஈடுசெய்யும். மலைநாட்டின் செல்வம் அதுவே.

1918இல் இத்திட்டத்தை அவர் பொறியியலாளர் சங்கத்தில் முன்வைத்தார். ஆட்சியாளர் அக்கறை காட்டவில்லை. பின்னர் தொடங்கிய வேலையும் இடையில் நின்றது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் வாதாடினார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 32 ஆண்டுக் காத்திருப்பு! 1953இல் அவர் கண்மூடினார். 1965இல் இயங்கத் தொடங்கிய நோர்ட்டன்பிரிட்ஜ் மின்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவ்வொளிக்கு மலையக மக்களும் விலை கொடுத்தார்கள். 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியாப் பட்டணம் மூழ்கியது. கொழும்பு ஒளிர்ந்தபோதும், பல லயன்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. ஆகவே, வேண்டாத விளக்கை அணைத்துவிடுங்கள். இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.