எண்களில் மகிழ்ச்சி கண்ட ஆசிரியர்

லோஹேகாவில் வாழும் மாணவர்கள் புனே நகரின் ஃபெர்குசன் கல்லூரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அங்குப் பயின்ற ஒருவரின் பெயர் இன்று உலகெங்கும் கணித நூல்களில் இடம்பெறுகிறது. அவரே தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர்.

காப்ரேகர் 1905ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள் மகாராட்டிரத்தில் தஹானு என்னும் ஊரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். எழுத்தராகப் பணிபுரிந்த தந்தை சோதிடக் கணக்குகளில் ஈடுபாடு உடையவர். அவரிடமிருந்து மகனுக்கும் எண்களின்மீது பற்று வளர்ந்தது. கல்லூரியில் பயிலும்போதே, 1927இல், கணித ஆய்வுக்காகப் பராஞ்சபே பரிசைப் பெற்றார். 1929இல் இளநிலைப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்குச் செல்லவில்லை. நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அவர் எண்களோடு கழித்தார். மும்பைக்கு அருகிலுள்ள டெம்லோ தொடர்வண்டி நிலையத்தில் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அதனால் பிறந்த எண்களுக்கு அந்நிலையத்தின் பெயரையே சூட்டினார். 11ஐ 11ஆல் பெருக்கினால் 121; 111ஐ 111ஆல் பெருக்கினால் 12321. இவ்வாறே ஒன்பது ஒன்றுகளைக் கொண்ட 111111111ஐ அதே எண்ணால் பெருக்கினால் 12345678987654321 கிடைக்கும். பதினேழு இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. இவை வியத்தகு டெம்லோ எண்கள் எனப்பட்டன.

இவ்வெண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 81 வரும். அந்த 81ஆல் இவ்வெண் மீதியின்றி வகுபடும். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்குக் காப்ரேகர் ஹர்ஷத் எண்கள் எனப் பெயரிட்டார். மகிழ்ச்சி தருவன என்பது அச்சொல்லின் பொருள்.

ஆயினும், அக்காலக் கணித அறிஞர் பலர் இவற்றை வெறும் விளையாட்டு எனக் கருதி எள்ளினர். காப்ரேகர் மனம் தளரவில்லை. தாம் கண்டறிந்த 6174 என்னும் எண்ணின் சிறப்பை 1949இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அறிவித்தார். ஓய்வுக்குப் பின் ஓய்வூதியம் போதாமையால் தனிவகுப்பு எடுத்து வாழ்ந்தார். 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தம் கட்டுரையில் அவரைப் பற்றி எழுதிய பின்னரே உலகம் அவரை அறிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. 1986இல் அவர் மறைந்தார். இன்று 6174 காப்ரேகர் மாறிலி என்றே வழங்கப்படுகிறது.

பிறர் பாராட்டுக்காகக் காத்திராமல், கற்பதில் கிடைத்த மகிழ்ச்சியையே பரிசாகக் கொண்டு வாழ்ந்தவர் காப்ரேகர்.

செய்து பார்ப்போம்

உங்கள் பிறந்த ஆண்டின் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். 2012 எனில் 2210 – 0122 = 2088. விடையைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். எத்தனையாவது முறையில் 6174 வருகிறது?